பார்த்ததெல்லாம் ஆய்வாகுமா?
உளவியலில் உற்றுநோக்கல் முறை: மதுரைச் சமவெளியிலிருந்து ஒரு மதிப்பீடு

ஒருவர் சொல்வதும் செய்வதும் ஒன்றாக இருப்பதில்லை என்பது உளவியலுக்குப் பழைய தலைவலி. தலைக்கவசம் அணிவீர்களா என்று வினாத்தாள் கொடுத்தால் 'எப்போதும்' என்ற கட்டத்தில் டிக் அடிக்க யாருக்கும் செலவில்லை. அப்படி டிக் அடித்தவர்களில் எத்தனை பேர் மதுரை காளவாசல் சிக்னலில் தலைக்கவசத்தைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை அந்தத் தாள் சொல்லாது. போய் நின்று பார்த்தால்தான் தெரியும். அப்படிப் போய்ப் பார்ப்பதை விதிகளோடு செய்வதுதான் உற்றுநோக்கல் முறை.

கருத்துக்கணிப்புக்கும் ஆய்வகச் சோதனைக்கும் கிடைக்கும் மரியாதை இதற்குக் கிடைப்பதில்லை. சும்மா பார்த்து எழுதுவதில் என்ன விஞ்ஞானம் என்று கேட்பவர்கள் கல்லூரிகளிலேயே உண்டு. இன்னொரு பக்கம், கண்ணால் கண்ட பிறகு வேறென்ன சாட்சி வேண்டும் என்று நம்பிவிடுபவர்களும் உண்டு. இரண்டும் தவறு என்பது இந்தக் கட்டுரையின் நிலை. இந்த முறையின் பலமும் பலவீனமும் பார்ப்பவரின் கூர்மையைவிட, அவர் யாராக வந்து நிற்கிறார், பார்க்கப்படுபவருக்கு அதனால் என்ன நேரும் என்பதைத்தான் அதிகம் சார்ந்திருக்கின்றன. இதற்கான சான்றுகளை உலக ஆய்வுகளிலும் தேடலாம், காளவாசலிலிருந்து மேற்கே போகும் சாலையிலும் தேடலாம்.

சிக்னலில் ஒரு கணக்கு

கிழக்கே அரசரடி, மேற்கே தேனி ரோடு, குறுக்கே பைபாஸ். 2020இல் மேம்பாலம் வந்த பிறகும் அதன் கீழே நெரிசலுக்குக் குறைவில்லை. இங்கே நின்று தலைக்கவசம் அணிந்தவர்களை எண்ணுவது எளிய வேலை போலத் தோன்றும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் அது கண்டிப்பாக்கப்பட்டது. எனவே அணிந்தவர், அணியாதவர் என்று இரண்டு பத்தி போட்டால் போதும் என்று தோன்றும்.

முதல் சிவப்பு விளக்கிலேயே பட்டியல் உடைந்துவிடும். ஒருவர் தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டியிருக்கிறார். இன்னொருவர் தலையில் வைத்திருக்கிறார், ஆனால் தாடைப் பட்டை காற்றில் ஆடுகிறது. மூன்றாமவர் கட்டுமானத் தொழிலாளர் அணியும் மஞ்சள் தொப்பியைப் போட்டிருக்கிறார். ஓட்டுபவர் அணிந்திருக்கிறார், பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு இல்லை, முன்னால் நிற்கும் குழந்தைக்கும் இல்லை. இன்னொருவர் போக்குவரத்துக் காவலரைக் கண்டதும் டேங்க் மேலிருந்ததை எடுத்துக் கவிழ்த்துக்கொள்கிறார். இவர்களை எந்தப் பத்தியில் சேர்ப்பது?

எண்ணத் தொடங்கும் முன்பே இதற்கு விதி எழுதியாக வேண்டும். பட்டை மாட்டியிருந்தால் மட்டுமே 'அணிந்தவர்' என்பது ஒரு விதி. வண்டி ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டும் நொடியில் இருக்கும் நிலையே கணக்கு என்பது இன்னொன்று. காலை பள்ளி நேரம், மதியம், இரவு என்று நேரத்தை முன்கூட்டியே குலுக்கலில் தேர்ந்துகொள்வது மூன்றாவது. இந்த விதிகள்தான் வேடிக்கை பார்ப்பவரையும் ஆய்வாளரையும் பிரிக்கின்றன.

பிறகு இரண்டாவது ஆள் வேண்டும். இருவர் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிட வேண்டும். இங்கும் ஒரு பொறி உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அணிந்திருக்கும் சாலை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எண்ணுநர்களும் சாலையையே பார்க்காமல், தொண்ணூறு சதவீதம் 'ஆம்', பத்து சதவீதம் 'இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தால்கூட, இருவருக்கும் 82 சதவீதம் ஒத்துப்போகும். 'எங்களுக்குள் 82 சதவீத ஒற்றுமை' என்று அறிக்கையில் எழுதினால் படிப்பவர் அசந்துபோவார். அதில் உண்மையான ஒற்றுமை ஒன்றுமே இல்லை. தற்செயலாக ஒத்துப்போகும் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் 'காப்பா' என்ற அளவையை ஜேக்கப் கோஹன் 1960இல் தந்ததற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு சிரமப்பட்டுப் பார்ப்பதால் என்ன லாபம்? பதிவேடு மறைப்பதைப் பார்வை காட்டும். 2003இல் இந்தியாவின் 20 மாநிலங்களில் சுமார் 3,700 பள்ளிகளுக்கு ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தார்கள். மைக்கேல் கிரெமர், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் செய்த ஆய்வு அது. வருகைப் பதிவேட்டை நம்பாமல், ஆசிரியர் நேரில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்தார்கள். அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் நால்வரில் ஒருவர் அன்று பள்ளியில் இல்லை. அந்த நேரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். எந்த வினாத்தாளாலும் இந்த விடையைக் கொண்டுவந்திருக்க முடியாது.

முறை வளர்ந்த வழி

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் குழந்தைகளைப் பார்த்தவர்களே இந்த முறைக்கு ஒழுங்கு கொடுத்தார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் மில்ட்ரெட் பார்ட்டன், மழலையர் பள்ளிக் குழந்தைகளை ஒவ்வொரு நிமிடமாகப் பார்த்து, தனியாக விளையாடுவது முதல் கூடி விளையாடுவது வரை வகைப்படுத்தி 1932இல் வெளியிட்டார். ஒரு குழந்தையை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதற்குக் கடிகாரத்தையே விதியாக வைத்தது அவர் செய்த நல்ல காரியம். ரோஜர் பார்க்கர் எதிர்த்திசையில் போனார். கான்சாஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரில், 1949 ஏப்ரல் 26 அன்று, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு தூங்கும்வரை செய்த அத்தனையையும் பார்வையாளர்கள் முறைவைத்துக் குறித்தார்கள். அந்த ஒரு நாள் 1951இல் தடித்த புத்தகமாக வந்தது.

ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரை குரங்கு ஆய்விலிருந்து பிறந்தது, ஆனால் மனிதரைப் பார்ப்பவர்களுக்கும் அது பாடம். விதியில்லாமல் பார்த்தால் கண் சத்தம் வரும் பக்கமே போகும் என்பது அதன் சாரம். அங்கன்வாடியில் பத்துக் குழந்தைகள் இருந்தால், அடித்துக்கொள்ளும் இருவரைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பு சேரும். மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஒரு வரிகூட இருக்காது. கவனிக்க வேண்டிய குழந்தை பெரும்பாலும் அதுதான். யாரை, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டால் இந்தச் சாய்வு குறையும்.

இந்தியாவும் இந்த வரலாற்றில் ஆரம்பத்திலேயே வருகிறது. 1950களில் ஜான் வைட்டிங், பீட்ரிஸ் வைட்டிங் வழிநடத்திய 'ஆறு பண்பாடுகள்' ஆய்வில் உத்தரப் பிரதேசத்தின் ஓர் ஊர் இடம்பெற்றது. கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், ஒகினாவா, அமெரிக்கா ஆகிய இடங்களின் குழந்தைகளோடு நம் ஊர்க் குழந்தைகளையும் ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பார்த்தார்கள்.

இன்னொன்று பலரும் அறியாதது. 1934 ஜனவரி 15 பிகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊரில் உலவிய வதந்திகளைத் திரட்டி ஜமுனா பிரசாத் 1935இல் கட்டுரை எழுதினார். அதிர்வை உணர்ந்தும் சேதம் காணாத பகுதிகளில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் பரவியிருந்தன. தப்பித்தவர்கள் ஆறுதல் தேடாமல் ஏன் அச்சத்தைத் தேடினார்கள்? பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் லியான் ஃபெஸ்டிங்கர் இந்தக் கேள்வியில் சிக்கிக்கொண்டார். அச்சம் ஏற்கெனவே மனத்தில் இருக்கிறது, அதற்குப் பொருத்தமான காரணத்தை வதந்தி தருகிறது என்று யோசித்தார். 1957இல் அவர் வெளியிட்ட 'அறிவு முரண்' கோட்பாட்டின் தொடக்கப் பொறி இங்கிருந்தே கிடைத்தது. மக்கள் நேரடிச் சேதத்துக்கு உள்ளான டார்ஜிலிங் நிலச்சரிவு பற்றித் துர்கானந்த் சின்ஹா 1952இல் எழுதியது அதற்கு மறுபக்கச் சான்றாக உதவியது. பேரிடரை ஆய்வகத்தில் உண்டாக்க முடியாது. நடந்தபோது பார்த்து எழுதியவர்கள் இருந்ததால்தான் கோட்பாடு வந்தது.

பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு

இந்த முறைக்கு எதிரான முதல் புகார், பார்க்கப்படுபவர் மாறிவிடுவார் என்பது. 1924 முதல் 1932 வரை சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் நடந்த ஆய்வுகளை ஒட்டி இதற்கு 'ஹாதார்ன் விளைவு' என்ற பெயரே வந்துவிட்டது. அந்த ஆலைத் தரவுகளைப் பின்னாளில் மறுபடி கணக்கிட்டவர்கள், விளைவு பாடநூல்கள் சொல்லும் அளவு பெரிதல்ல என்றார்கள். ஆனாலும் புகாரில் உண்மை இருக்கிறது.

அதை அழகாக அளந்த ஆய்வு வங்கதேசக் கிராமங்களில் நடந்தது. சோப்புக் கட்டிக்குள் அசைவை உணரும் சிறு கருவியை வைத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். யாரும் பார்க்காத நாட்களில் சோப்பு எத்தனை முறை எடுக்கப்படுகிறது, வீட்டில் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் நாளில் எத்தனை முறை என்று ஒப்பிட்டார்கள். ஆள் இருந்த நாளில் 35 சதவீதம் கூடுதல். 2010இல் வெளியான இந்த முடிவு இரண்டு செய்திகளைச் சொல்கிறது: பார்வை நடத்தையை மாற்றுகிறது, எவ்வளவு மாற்றுகிறது என்பதையும் அளக்க முடியும்.

பழகப் பழக இந்த மாற்றம் குறையும் என்பது பொதுவான பரிகாரம். நீண்ட நாள் தங்கு, உன்னை மறந்துவிடுவார்கள் என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எங்கும் எல்லோரும் அப்படி மறந்துவிடுவார்களா?

தேனி ரோட்டில் ஒரு வரலாறு

காளவாசலிலிருந்து மேற்கே விராட்டிபத்து, நாகமலை புதுக்கோட்டை, காமராசர் பல்கலைக்கழகம், செக்கானூரணி தாண்டிப் போனால் உசிலம்பட்டி வட்டாரம். 1914 முதல் மதுரைப் பகுதிப் பிரமலைக் கள்ளர் மீது குற்றப் பழங்குடியினர் சட்டத்தை ஆங்கில அரசு ஏவியது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பெயரைப் பதிந்து கைரேகை வைக்க வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, மாயக்காள் என்ற பெண் உள்படப் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது.

பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் இதே மக்களிடையே களப்பணிக்கு வந்தது 1949-50இல். உறவுமுறை, குலதெய்வ வழிபாடு, திருமணக் கொடுக்கல் வாங்கல் என்று அவர் உடனிருந்து பார்த்து எழுதி 1957இல் வெளியிட்ட நூல் தென்னிந்தியச் சமூகம் பற்றிய முக்கிய ஆய்வுகளில் ஒன்று. உளவியல் இன்று பயன்படுத்தும் பங்கேற்பு உற்றுநோக்கல் இத்தகைய மானிடவியல் களப்பணியிலிருந்து கடன் வாங்கியதுதான். அவர் வந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். தலைமுறைக் கணக்கில் போலீஸ் பதிவேட்டில் பெயரும் ரேகையும் இருந்தவர்கள், சட்டம் போய் மூன்றாண்டு ஆவதற்குள் நோட்டுப் புத்தகத்தோடு வந்த ஒரு வெள்ளைக்காரரை எப்படிப் பார்த்திருப்பார்கள்? எதைக் காட்டியிருப்பார்கள், எதை மறைத்திருப்பார்கள்? ஹாதார்ன் தொழிலாளிக்கு மேஸ்திரியின் பார்வைதான் கவலை. இங்கே பார்வை என்றால் சிறைக்கு வழி.

இந்தக் கேள்வியையே ஆய்வுப் பொருளாக எடுத்தவர் ஆனந்த் பாண்டியன். கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி எழுதி 2009இல் அவர் வெளியிட்ட நூல், காவல்துறைக் கண்காணிப்பும் சீர்திருத்த முயற்சிகளும் இந்த மக்கள் தங்கள் குணத்தைப் பற்றித் தாங்களே பேசும் முறையை எப்படி வடித்தன என்று காட்டுகிறது. நெடுங்காலம் கண்காணிக்கப்பட்டவர், தம்மைத் தாமே பார்க்கும்போதும் அந்தக் கண்ணைக் கடன் வாங்கக்கூடும்.

காளவாசல் சிக்னலில் நோட்டும் பேனாவுமாக நிற்பவரைக் கண்டதும் அபராதம் போடுகிறார்களோ என்று தலைக்கவசத்தை எடுத்து மாட்டுபவரும் சிறிய அளவில் இதையே சொல்கிறார். ஆய்வாளர் தம்மை யாராகவும் நினைத்துக்கொள்ளலாம். எதிரில் இருப்பவர் தம் அனுபவத்தில் உள்ள முன்மாதிரியோடு சேர்த்துத்தான் அவரைப் பார்க்கிறார்.

யாருடைய வகைப்பட்டியல்?

இரண்டாவது புகார் இன்னும் ஆழமானது. பார்த்ததை எந்தப் பெயரிட்டுக் குறிக்கிறோம்?

தாய்-சேய்ப் பிணைப்பு ஆய்வுகளுக்கு அடித்தளமிட்ட மேரி ஐன்ஸ்வொர்த், 1954-55இல் உகாண்டாவின் வீடுகளில் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்த்தார். பிறகு பால்டிமோரில் ஒவ்வொரு குடும்பத்தையும் குழந்தையின் முதல் ஆண்டில் சுமார் 72 மணி நேரம் வீட்டிலேயே பார்த்தார். அதன் இறுதியில் வைத்த ஆய்வகச் சோதனைக்கு ஆனது ஏறத்தாழ 20 நிமிடம். பின்வந்தவர்களில் பலர் அந்த 20 நிமிடத்தை உலகெங்கும் கொண்டுபோனார்கள், 72 மணி நேரத்தை விட்டுவிட்டார்கள்.

மார்கரெட் டிராவிக் தமிழ்க் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து, அன்பு பற்றி எழுதிய நூல் 1990இல் வந்தது. இங்கே அன்பு பெரும்பாலும் மறைத்தே காட்டப்படுகிறது என்பது அவர் கண்டவற்றில் முக்கியமானது. தாய் தன் குழந்தையையே அளவுக்கு மீறி ரசித்துப் பார்க்கக் கூடாது, அவள் கண்ணே பட்டுவிடும் என்று நம்புகிறார்கள். செல்லம் சிலபோது கேலியாகவும் கடுமையாகவும் வெளிப்படுகிறது. இதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. குளிப்பாட்டிப் பவுடர் போட்ட குழந்தையின் கன்னத்தில் மைப் பொட்டு வைத்து, 'கறுப்பி, கழுதை' என்று கொஞ்சும் பாட்டி நம் வீடுகளில் உண்டு.

இந்தப் பாட்டியை, வெளியூரில் தயாரான வகைப்பட்டியல் வைத்திருக்கும் பார்வையாளர் எப்படிக் குறிப்பார்? 'குழந்தையை இழிவாகப் பேசுதல்' என்ற கட்டத்தில் ஒரு டிக். குழந்தையின் முகத்தை முந்தானையால் மறைத்தால் 'விலக்குதல்' என்று இன்னொன்று. இரண்டு பார்வையாளர்களும் அதே கட்டத்தில் டிக் அடித்தால் காப்பா எண் உயரும். இருவரும் ஒத்துப்போய்த் தவறாக எழுதியிருப்பார்கள். மேலும் முந்தானையால் மறைத்தது குழந்தையை விலக்கவா, அல்லது உற்று உற்றுப் பார்த்துக் குறிப்பெடுக்கும் அந்நியரின் கண்ணிலிருந்து குழந்தையைக் காப்பாற்றவா? கண் திருஷ்டியை நம்பும் வீட்டில், பார்ப்பது என்ற செயலே ஒரு குறுக்கீடு. நம் ஊரில் குழந்தை ஆய்வு செய்பவர்கள் முதல் சில வருகைகளில் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, வீட்டாரோடு பேசிப் பழகியே தங்கள் பட்டியலை எழுத வேண்டும்.

பார்த்தது காரணமாகுமா?

மூன்றாவது புகார் காரண-விளைவு பற்றியது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே கூர்மையான எடுத்துக்காட்டு இருக்கிறது.

2000 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலுக்கு வந்து தங்கிய கடும் மனநோய் கொண்ட 31 பேரை, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராம் குழுவினர் வந்தபோதும் புறப்பட்டபோதும் அளவுகோல் வைத்து மதிப்பிட்டார்கள். தனிச் சடங்கு எதுவும் செய்யப்படவில்லை. குடும்பத்தில் ஒருவர் கூடவே இருந்தார், நோயாளிகள் கோயிலின் அன்றாட வேலைகளில் கலந்துகொண்டார்கள், சில வாரங்கள் தங்கினார்கள். நோய்க்குறிகளின் மதிப்பெண் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான இந்த முடிவு உலகெங்கும் விவாதிக்கப்பட்டது.

குறைந்தது என்பது பார்வை. கோயிலால் குறைந்தது என்பது அனுமானம். ஒப்பிட்டுப் பார்க்க, கோயிலுக்கு வராத குழு ஒன்று இல்லை. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் வீட்டார் அழைத்து வருவார்கள், எதுவும் செய்யாவிட்டாலும் சிலருக்கு அது தணியும். உறவினர் உடனிருந்ததா, வேலை இருந்ததா, இரைச்சல் இல்லாததா, நம்பிக்கையா எது உதவியது என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. அது நல்ல ஆய்வு. சரியான அடுத்த கேள்வியை எழுப்பியதே அதன் பயன்.

இதை எந்த வழிபாட்டுத் தலமும் மருத்துவமனைக்கு மாற்று என்று படித்துவிடும் ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை 2001 ஆகஸ்ட் 6 காட்டியது. தர்காவை நாடி வந்தவர்களை வைத்திருந்த ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் மாண்டார்கள். ஓரிடத்தில் கண்டதை எல்லா இடத்துக்கும் பொதுவாக்குவது உற்றுநோக்கலில் மிக எளிதாக நடக்கும் பிழை, மனநலத்தில் அதன் விலை உயிர்.

காரணத்தை முழுவதும் சொல்ல முடியாவிட்டாலும், நீண்ட காலம் பார்ப்பது பல தவறான முடிவுகளைத் தடுக்கும். சென்னையில் 1981-82இல் முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரைப் பின்தொடரத் தொடங்கிய ஆய்வு, ஆர். தாரா உள்ளிட்டோரால் கால் நூற்றாண்டு வரை தொடரப்பட்டது. சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பின் பெயர் இதனோடு இணைந்தது. இந்நோய் வந்தால் எல்லோருக்கும் ஒரே கதிதான் என்ற எண்ணத்தை அது உடைத்தது. சிலர் தேறினார்கள், சிலருக்கு விட்டுவிட்டு வந்தது, சிலருக்கு நீங்கவே இல்லை. ஒருமுறை பார்த்துவிட்டுப் போனவர்களால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

தனியாளின் பார்வைக்கு எல்லை உண்டு என்பதற்கு ஒரு அமெரிக்கப் பாடமும் இருக்கிறது. நலமாக இருந்தவர்களை நோயாளிகளாக மனநல மருத்துவமனைகளுக்குள் அனுப்பியதாக டேவிட் ரோசன்ஹன் 1973இல் எழுதியது பல பத்தாண்டுகள் பாடநூல்களில் இருந்தது. சூசன்னா கேஹலன் 2019இல் வெளியிட்ட நூல், அதன் விவரங்கள் பலவற்றை உறுதிப்படுத்த முடியவில்லை என்றது. குறிப்பேட்டை வேறொருவர் சரிபார்க்க வழியில்லாத பார்வை, எவ்வளவு புகழ்பெற்றாலும் கேள்விக்குரியதே.

மதிப்பீடு

மக்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிய உற்றுநோக்கலைவிட நல்ல வழி இல்லை. ஏன் செய்கிறார்கள் என்பதற்கு இது தனியாகப் போதாது. வகைப்பட்டியல் வெளியிலிருந்து வந்தால் எண்கள் ஒத்துப்போகும், பொருள் தப்பிப்போகும். பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையே அதிகார இடைவெளி பெரிதாக இருக்கும் இடத்தில், எவ்வளவு நாள் தங்கினாலும் அந்த இடைவெளியின் சுவடு தரவில் இருக்கும்.

ஆகவே மதுரைக் கல்லூரிகளில் உளவியலும் சமூகப்பணியும் படிக்கும் மாணவர்களுக்கும் அவர்களின் வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டுக்காக வினாத்தாளை நகலெடுத்து வகுப்பில் விநியோகிக்கும் முன், களத்தில் போய்ப் பாருங்கள். விதிகளை முன்பே எழுதுங்கள், இன்னொருவரைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எந்த ஊர், எந்தச் சாதி, எந்த உடுப்பு, யார் அறிமுகம் செய்து உள்ளே போனீர்கள் என்பதையும் தரவாகவே பதியுங்கள். அடையாளம் வெளியாகாமல் காத்து, கண்டதைப் பார்க்கப்பட்டவர்களிடம் அவர்கள் மொழியில் திரும்பச் சொல்லுங்கள். அவர்கள் 'அது அப்படியில்லை தம்பி' என்று மறுத்தால், அந்த மறுப்பும் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும்.